பதினெட்டாவது க்ளிக்!

தூத்துக்குடிக்கு வர்ற விருந்தாளியை வழக்கமா எங்கே கூட்டிட்டுப் போவாங்க? பனிமய மாதா கோயில், துறைமுகம், முயல் தீவு. திரும்பும்போது கையில அரை கிலோ மக்ரூன். நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறது கொஞ்சம் வேற இடம். ஒரு பழைய காரோட பின் சீட்டு! சீட் பெல்ட் போட்டாச்சா? ரைட்... போலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

எங்க ஆச்சிக்கு ஊர் உடன்குடி. போன வருஷம் பின்வாசல்ல வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைஞ்சு, தூத்துக்குடியில ஆபரேஷன். பிளேட் வெச்சு அனுப்பிட்டாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும். உடன்குடியில இருந்து தூத்துக்குடி கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். பஸ்ல முடியாது. அதனால மாமாவோட கார்.

கார்னா சாதாரண காரா? 2004 மாடல் மிட்சுபிஷி லான்சர்! நம்ம திருவள்ளூர்ல, இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரியில 1998-ல இருந்து தயாரான வண்டி. அந்தக் காலத்து ராலி பசங்களுக்கு இது கனவுக் கன்னி. மாமா இதை கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். கோயம்புத்தூர்னாலே செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ஞாபகம் வருமே... அந்த அண்ணனும் அந்தக் கிறுக்கு பிடிச்ச ஆள்தான். பழைய ஷாக்கைக் கழட்டிட்டு, நாலு சக்கரத்துக்கும் அட்ஜஸ்ட் பண்ற காயில்ஓவர் மாட்டி வெச்சிருந்தார்.

மெக்கானிக்கல் படிக்கிற பையன் கையில அட்ஜஸ்ட் பண்ற ஒரு சாமான் கிடைச்சா என்ன பண்ணுவான்? பண்ணினேன். ஆச்சியைக் கூட்டிட்டு வர்றதுக்கு முந்தின நாள், பின்னாடி ரெண்டு ஷாக்கையும் டைட் பண்ணி, துறைமுக ரோட்டுல ஒரு ரவுண்டு. வண்டி அப்படியே தண்டவாளத்துல போற மாதிரி ஒட்டிக்கிட்டுப் போச்சு. காலேஜ் பசங்க க்ரூப்ல 'ரேஸ் கார் ஃபீல் மச்சி'னு பீத்திக்கிட்டேன்.

மறுநாள் ஆச்சி பின் சீட்டுல. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசலை. வழியில ஆத்தூர் வரும். ஆத்தூர் வெத்தலை தெரியும்ல? 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வெத்தலை. அந்த ஊரைத் தாண்டும்போது ஆச்சி வண்டியை நிறுத்தச் சொல்லாம இருந்ததே இல்லை. அன்னிக்குச் சொல்லலை. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது என் தோளைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாங்க... "வண்டி நல்லாத்தாம்ல இருக்கு ராசா. எனக்குத்தான் உடம்பு சரியில்ல."

அடுத்த செக்கப்புக்கு மூணு வாரம். எனக்கு அது செமஸ்டர் எக்ஸாமைவிடப் பெரிய டெட்லைன்.

கல்லும் கயிறும்

காயில்ஓவர்னா பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியா இல்லாம, ஷாக்கைச் சுத்தியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அவ்ளோதான். ஆனா ரெண்டுக்கும் வேலை வேற வேற. ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். பள்ளத்துல விழுந்தா அமுங்கும், உடனே விரியும். அதை அப்படியே விட்டா விரிஞ்சு, அமுங்கி, திரும்ப விரிஞ்சுனு ஊஞ்சல் ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக். அதுக்குள்ள எண்ணெய் இருக்கு, ஒரு பிஸ்டன் இருக்கு. பிஸ்டன்ல இருக்குற சின்னச் சின்ன வழிகள்ல எண்ணெய் நெருக்கிப் போகும்போது ஆட்டம் சூடா மாறிடும். நீங்க திருப்புற குமிழ் அந்த வழிகள்ல ஒண்ணைக் கொஞ்சம் மூடும், இல்லாட்டி திறக்கும். ஒவ்வொரு திருப்புக்கும் 'டிக்'னு ஒரு சத்தம். அதுதான் க்ளிக். எங்க வண்டியில மொத்தம் 32.

இது உங்களுக்குப் பிடிபடணும்னா எங்க ஊர்க் கடலுக்குள்ள ஒரு எட்டு போய்ட்டு வருவோம். இந்தக் கரைக்கே முத்துக்குளித்துறைனு பேர். 12-ல இருந்து 25 மீட்டர் ஆழம் வரைக்கும் கடலுக்கு அடியில இருக்குற முத்துச்சிப்பிப் படுகையை 'பார்'னு சொல்வாங்க. குளியாளி ஒரு கல்லோட உதவியில சர்ர்ருனு இறங்குவார். மேலே தோணியில ஒருத்தர் கயிறைப் பிடிச்சிருப்பார். கல்லு இழுக்குற இழுப்புக்குக் கயிறை விட்டுக் கொடுக்கணும். கீழே இருந்து சைகை வந்தா தாமதிக்காம இழுக்கணும். விடவே மாட்டேன்னு பிடிச்சாலும் தப்பு, கையை விட்டுட்டாலும் தப்பு. கீழே இருக்குறது ஒரு மனுஷனோட மூச்சு.

1961-ல நடந்த முத்துக்குளிப்புதான் இந்தக் கரையில கடைசி. அதுக்கப்புறம் பெரிய அளவுல நடக்கலை. ஆனா அந்தக் கயிறு பிடிச்ச கைதான் ஷாக் அப்சார்பர். கல்லுதான் ஸ்பிரிங்கோட இழுப்பு. நான் பண்ணின தப்பு என்னன்னா, கீழே யார் இருக்காங்கனு பார்க்காம கயிறை இறுக்கிப் பிடிச்சுட்டேன்.

சனிக்கிழமை: வீட்டு வாசல் ஒர்க்ஷாப்

செக்கப்புக்கு முந்தின வாரம், சனிக்கிழமை சாயங்காலம். மாமா வீட்டு வாசல், வேப்பமர நிழல், ஒரு பழைய பாய். ரெடி!

முதல்ல நான் குமிழைத் தொடலை. டயர்ல காத்து பார்த்தேன். வண்டி ராத்திரி முழுக்க நின்னு, டயர் குளிர்ந்திருந்தப்போ காலையிலேயே பார்த்துட்டேன். டிரைவர் கதவுப் பக்கம் கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர்ல போட்டிருக்குற அளவைவிட 7 பாயிண்ட் அதிகம்! லாங் டிரைவ்தானேனு நானே பெட்ரோல் பங்க்ல சொல்லி ஏத்தினது. ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கினதுமே, தெருமுனை வேகத்தடையில பாதி கடுமை குறைஞ்சுபோச்சு. பல பேர் ஷாக்கைத் திட்டிட்டு இருப்பாங்க, குற்றவாளி டயரா இருப்பான். நோட் பண்ணிக்கோங்க.

அடுத்தது குமிழ். பின்பக்கக் குமிழ் டிக்கிக்குள்ள, சக்கர வளைவுக்கு மேலே, ஒரு அட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. ஜாக்கி தேவையில்லை, வண்டிக்கு அடியில படுக்கத் தேவையில்லை. அட்டையை விலக்கினா... அடப்பாவமே! வலது பக்கக் குமிழைச் சுத்தி பழுப்பா பூத்துப்போய் இருக்கு.

உப்புக் காத்து! இந்தியாவுல குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகமா விளையிறது தமிழ்நாட்டுலதான், அதுல பெரும் பங்கு எங்க மாவட்டம். சோத்துல போடுற உப்பு காத்துலயும் இருக்கும். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, கேட்டு கொண்டி எதையும் விடாது. பழைய டூத் பிரஷ்ஷால தட்டி, துரு எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, விரலால மட்டும் திருப்பினேன். கட்டிங் பிளேயர் போட்டுத் திருகி இருந்தா உள்ளே இருக்குற ஊசி வால்வு காலி.

இப்போ முக்கியமான விஷயம். 'எத்தனை க்ளிக்'னு எங்கே இருந்து எண்ணுறது? கடிகாரச் சுத்துல மெதுவா, போய் நிக்கிற வரைக்கும் திருப்புங்க. அதுதான் முழு டைட். அதைப் பூஜ்ஜியம்னு வெச்சுக்கிட்டு, அங்கிருந்து எதிர்ப்பக்கம் எண்ணிக்கிட்டே வரணும். எண்ணினேன். இடது பக்கம் 4. வலது பக்கம்... 7! துருவுல மாட்டிக்கிட்டுத் திரும்பாம நின்னதை, திரும்பிடுச்சுனு நான் நினைச்சிருக்கேன். அதாவது ஆச்சியை நான் கூட்டிட்டு வந்தது ஒரு கால் மரத்துப்போன வண்டியில.

கீழே ஸ்பிரிங்கைத் தாங்குற வளையம் ஒண்ணு இருக்கு. அதைத் திருப்பினா வண்டியோட உயரமும் ஸ்பிரிங்கோட முன்னழுத்தமும் மாறும். ஷாக்கோட இறுக்கம் மாறாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிற ஆட்கள் நிறைய. நான் அதைத் தொடவே இல்லை.

கடைசியா ஒரு பிரச்னை. செக்கப்புக்கு வரும்போது பின் சீட்டுல ஆச்சியோட அம்மாவும் இருப்பாங்க. டெஸ்ட் ரவுண்டுல அம்மாவோட எடைக்கு என்ன செய்ய? "மாமா, அம்பது கிலோ உப்பு மூட்டை ஒண்ணு கிடைக்குமா?"னு கேட்டேன். மாமா என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "ஏல மருமவனே... உப்பால துருப்பிடிச்ச வண்டிக்குள்ள உப்பு மூட்டையைக் கொண்டு வைக்கப்போறியா? இதுக்குத்தாம்ல ஒனக்கு ஃபீஸ் கட்டுதோம்?"

25 கிலோ அரிசிப் பை ரெண்டு. முடிஞ்சது மேட்டர்.

ஞாயித்துக்கிழமை: பின் சீட்டுப் பயணம்

காலையில அஞ்சரை மணி. ஓட்டுறது மாமா. பின் சீட்டுல இடது பக்கம் அரிசி. வலது பக்கம், ஆச்சி உட்கார்ற இடத்துல, நான். மடியில ஒரு நாற்பது பக்க நோட்டு.

வெட்கமா இருந்தாலும் சொல்லிடுறேன். அந்த வண்டியில நான் பின் சீட்டுல உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங் பிடிச்சிருக்குறவனுக்கு சீட்டு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல. ஆச்சிக்கு சீட்டு கிட்டத்தட்ட பின் சக்கரத்து மேலேயே. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போறாங்க, ஆனா ஒரே ரோட்டுல போகலை.

முதல்ல துறைமுகச் சாலை. திருநெல்வேலியில இருந்து வர்ற தேசிய நெடுஞ்சாலை 138 முடியிற இடம். 1974 ஜூலையில பெரிய துறைமுகம்னு அறிவிச்சு, 2011-ல வ.உ.சிதம்பரனார் பேரு வெச்ச துறைமுகம். 1906-ல வெள்ளைக்காரனுக்குப் போட்டியா இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட மனுஷன் பேரு, அவரோட ஊர்த் துறைமுகத்துக்கு வந்து சேர இத்தனை வருஷம்! கடலுக்குள்ள ஆளுக்குச் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துல ரெண்டு கல் அணைகள் நீட்டிக்கிட்டு நிக்கும். அலை வந்து அந்தக் கல்லுல முட்டி, உடைஞ்சு, களைச்சுப்போய்த்தான் உள்ளே வரும். உள்ளே கப்பல் ஆடாம நிக்கும். யோசிச்சுப் பார்த்தா அதுவும் ஒரு ஷாக் அப்சார்பர்தான்.

ரெண்டு பக்கமும் 4-ல வெச்சு ஓட்டினோம். கன்டெய்னர் டிரெய்லர்கள் போறதுக்காகப் போட்ட அகல ரோடு. பின் சீட்டுலயும் ஜம்முனுதான் இருந்துச்சு. அப்போதான் புரிஞ்சது. அன்னிக்கு நான் டெஸ்ட் பண்ணினது இந்த ரோட்டுலதான்! வழவழப்பான ரோட்டுல டைட்டா இருக்குற வண்டி எல்லாருக்கும் ராஜா மாதிரிதான் தெரியும். ஆனா ஆச்சி இந்த ரோட்டுல வரலையே.

உப்பளத்துக் காத்து

துறைமுகத்துல இருந்து முத்தையாபுரம் வந்து, திருச்செந்தூர் ரோடு பிடிச்சோம். ஸ்பிக் நகர், முள்ளக்காடு தாண்டினதும் ரெண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியா கண்ணாடி வெச்ச மாதிரி தண்ணி, நடு நடுவுல வெள்ளைக் குவியல். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும்னு விடியிறதுக்கு முன்னாடியே வந்து வாருகோலோட நிக்கிறாங்க பெண்கள். அவங்க காலுக்கு எந்த ஷாக் அப்சார்பரும் கிடையாது.

வண்டியை ஓரமா நிறுத்தி, டிக்கியைத் திறந்து, ஒரே தாவா 28. கிட்டத்தட்ட முழு லூஸ். ஆச்சிக்கு மெத்தை மாதிரி இருக்கட்டுமேனு நினைச்சேன்.

முதல் ரெண்டு கிலோமீட்டர் சொர்க்கம். அப்புறம் ஆரம்பிச்சது. அந்த இடத்துல ரோடு நீள நீளமா ஏறி இறங்கும். ஒரு மேட்டைத் தாண்டினா பின்பக்கம் ஒரு தடவை இல்லை, மூணு தடவை எழும்பி உட்காருது. எனக்கே வயித்தைப் பிரட்டுச்சு. அந்த நேரம் பார்த்து எதிர்ல ஒரு லாரி கடந்து போச்சு. லாரியோட காத்தும் கடல் காத்தும் சேர்ந்து அடிக்க, வண்டியோட பின்பக்கம் ஒரு பக்கமா சாஞ்சு, மெதுவா யோசிச்சு, திரும்பி வந்துச்சு. "ஏல! வண்டி ஓட்டுதேனா, தோணி ஓட்டுதேனா?"னு மாமா கத்தினார்.

லூஸ்னா சொகுசுனு நினைக்காதீங்க பாஸ். அடக்க ஆள் இல்லாத ஸ்பிரிங், டயரையும் ரோட்டுல ஒழுங்கா உட்கார விடாது. திடீர்னு பிரேக் போட்டாலோ ஒடிச்சாலோ அது ஆபத்து.

பழையகாயல் வந்ததும் நடுவுல வெச்சேன். 16.

முக்காணிப் பாலம்

பழையகாயல், புன்னக்காயல், காயல்பட்டினம்... எல்லா ஊர் பேர்லயும் காயல். தாமிரபரணி கொண்டு வந்து கொட்டுற மண்ணு இந்தக் கரையை மாத்திக்கிட்டே இருக்கு. இங்கிருந்து உள்ளே தள்ளி கொற்கைனு ஒரு கிராமம். பாண்டியர்களோட முத்துத் துறைமுகம். கிரேக்கர்கள் குறிப்புல எல்லாம் பேரு வந்த ஊரு. இன்னிக்கு அங்கே நின்னா கடல் கண்ணுக்கே தெரியாது. பல கிலோமீட்டர் விலகிப் போயிடுச்சு. துறைமுகமே இடம் மாறுற மண்ணு இது. ரோடு மட்டும் சமமா இருக்குமா?

அதுலயும் 2023 டிசம்பர் 17, 18-ந் தேதியை எங்க மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை. ஒரு வருஷத்துக்கு வர வேண்டிய மழை ஒரே நாள்ல வந்தா எப்படி இருக்கும்? குளம் உடைஞ்சு, ஆறு கரைபுரண்டு, ரோடுகளை அரிச்சுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ஒட்டுப் போட்டது, திரும்பப் போட்டது, உசத்திப் போட்டதுனு இந்த வழி ஒரு தையல் போட்ட சட்டை.

முக்காணியில தாமிரபரணிப் பாலம். பாலத்து இணைப்பு ஒவ்வொண்ணுலயும் 'தடக்... தடக்'. முன் சக்கரம் ஒரு தடக், பின் சக்கரம் ஒரு தடக். லான்சருக்கு ரெண்டு சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர். 60-ல போனா நொடிக்கு 16.7 மீட்டர். அப்போ முன்னாடி விழுந்த அடி பின்னாடி வர்றதுக்கு 0.15 நொடி! கண் இமைக்கிறதுக்குள்ள. முன்னாடி இருக்குறவன் 'தடக்'னு கேட்டு முடிக்கும்போது பின்னாடி இருக்குறவங்க இடுப்புல அது இறங்கிடும்.

இங்கே 16 நல்லா இருந்துச்சு. ஒரே அடி, ஒரே அமுக்கம், அப்புறம் அமைதி. அடடா, கண்டுபிடிச்சுட்டோம்னு நினைச்சேன். மாமா சிரிச்சார். "ஆறுமுகநேரி வரட்டும்."

அந்த வலி எங்கே இருந்து வந்தது?

ஆத்தூர் தாண்டி ஆறுமுகநேரி. ஊருக்குள்ள வேகம் குறைக்கிறதுக்காக வரிசையா வெள்ளைக் கோடு போட்ட குட்டிக் குட்டித் தடைகள். பார்க்க ஒரு பப்பட அளவு உயரம்தான். ஆனா அன்னிக்கு ஆச்சி கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சது இங்கேதான். கண்ணாடியில பார்த்தேன். இவ்ளோ சின்னதுக்கு ஏன்னு அப்போ புரியலை.

இன்னிக்குக் கண்டுபிடிச்சே ஆகணும். ரோடு காலியா இருந்த ஞாயித்துக்கிழமை காலை. 4-ல வெச்சு 30 கிலோமீட்டர் வேகத்துல ஒரு தடவை. முதல் தடை... பரவாயில்லை. ரெண்டாவது... கொஞ்சம் குத்துச்சு. மூணாவது, நாலாவது, 'ணங்'னு முதுகெலும்பு வரைக்கும் ஏறுச்சு. எல்லாத் தடையும் ஒரே உயரம்தான். அப்புறம் ஏன் கடைசித் தடை மட்டும் அதிகமா அடிக்குது?

நோட்டுல படம் போட்டுப் பார்த்ததும் பல்ப் எரிஞ்சது. இந்த மாதிரி ஒத்தைக் குமிழ் ஷாக்குகள்ல பெரும்பாலும் அதிகம் மாறுறது ஸ்பிரிங் விரியும்போது இருக்குற இறுக்கம். டைட் பண்ணிட்டா சக்கரம் தடையில ஏறி மேலே வந்துடும், ஆனா சட்டுனு கீழே இறங்க முடியாது. கயிறை இறுக்கிப் பிடிச்சாச்சே! அது இறங்குறதுக்குள்ள அடுத்த தடை. இன்னும் கொஞ்சம் மேலே. அதுக்குள்ள அடுத்தது. இப்படி ஒவ்வொரு தடைக்கும் வண்டியோட பின்பக்கம் படி இறங்குற மாதிரி கீழே உட்கார்ந்துக்கிட்டே போகும். கடைசியில ஷாக்கோட முட்டு ரப்பர்ல போய் இடிக்கும். அதுக்கு மேல ஸ்பிரிங்கும் இல்லை, எண்ணெயும் இல்லை. ரோடு, ரப்பர், சீட்டு, ஆச்சியோட இடுப்பு. நேர் லைன்!

நான் என்னவோ டைட் பண்ணினா வண்டி உசந்து நிக்கும்னு நினைச்சேன். அது உட்கார்ந்துபோச்சு.

இன்னொண்ணும் படிச்சிருந்தேன். உட்கார்ந்திருக்குற மனுஷ உடம்பு, மேலும் கீழுமா வர்ற அதிர்வுல நொடிக்கு 4-ல இருந்து 8 தடவை வர்றதைத்தான் ரொம்ப அதிகமா உணரும். சாதாரணக் காரோட ஸ்பிரிங் வண்டியை நொடிக்கு ஒண்ணு, ஒண்ணரை தடவைதான் ஆட்டும். அது தாலாட்டு. நீங்க ஷாக்கை இறுக்க இறுக்கத் தாலாட்டு போய், அந்த 4-8 நேரா மேலே வரும். ஆரோக்கியமான இருபது வயசுக்காரனுக்கு அது 'ரேஸ் கார் ஃபீல்'. பிளேட் வெச்ச இடுப்புக்கு அது என்னனு ஆச்சி சொல்லலை. சொல்லாம விட்டதுதான் எனக்கு இன்னும் குத்துது.

16-ல ஒரு தடவை. 'ணங்' போயிடுச்சு, ஆனா கடைசித் தடையில லேசா ஒரு கடுமை. 20-ல ஒரு தடவை. தடையெல்லாம் வெண்ணெய்! சந்தோஷத்துல அப்படியே காயல்பட்டினம், திருச்செந்தூர் தாண்டி விட்டோம்.

மணப்பாடு மேட்டுல ஒரு டீ

திருச்செந்தூர் தாண்டினா ரோட்டோட நிறமே மாறும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உள்ளே தள்ளிப் போனா செக்கச் சிவந்த தேரிக்காடு, பனைமரம். குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வேஷம் கட்டி வர்ற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. 2024 பிப்ரவரி 28-ந் தேதி இங்கேதான் இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. ராக்கெட் விடப்போற ஊர்ல நான் குமிழ் திருப்பிக்கிட்டு இருந்தேன்!

குலசைக்கும் மணப்பாட்டுக்கும் நடுவுல ஒரு வளைவு. 20-ல வண்டி வளைவுல பின்பக்கம் லேசா சாஞ்சு, திரும்ப ஒரு நொடி எடுத்துக்கிச்சு. மாமா எதுவும் சொல்லலை. ஆனா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தார். ஓட்டுறவரோட கால் பொய் சொல்லாது. பின் சீட்டுல சொகுசு, முன் சீட்டுல பயம்னா அந்த செட்டிங் ஃபெயில்.

மணப்பாட்டுல கடலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கிற மணல் மேட்டுல ஏறினோம். உச்சியில சிலுவைக் கோயில். 1542-ல இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கின குகை மேட்டுக்குக் கீழே இருக்கு. ஒரு பக்கம் அலை அடிச்சு நொறுக்குது. இன்னொரு பக்கம் அதே கடல், குளம் மாதிரி அடங்கிக் கிடக்கு. நடுவுல இருக்குறது வெறும் ஒரு மணல் மேடு.

கீழே டீக்கடையில ஒரு பெரியவர், டிக்கியைத் திறந்து வெச்சு நாங்க பண்ற கூத்தைப் பார்த்துட்டு வந்து விசாரிச்சார். ஆச்சி கதையைச் சொன்னேன். அவரோட அப்பா சங்கு குளிக்கப் போனவராம். "கயிறு பிடிக்கவனுக்கு பலம் வேண்டாம் தம்பி. கீழ உள்ளவன் நினைப்பு வேணும்"னு சொல்லிட்டு, டீக்குக் காசு கொடுக்க விடாம போயிட்டார்.

18-ல வெச்சோம். அதே வளைவு, மாமா கால் எடுக்கலை. அதே ஆறுமுகநேரி, கடைசித் தடையும் முதல் தடையும் ஒரே மாதிரி. அதே முக்காணிப் பாலம். அதே உப்பளத்துக் காத்து, ஒரு அசைவு, அடங்கிருச்சு. நோட்டுல 18-ஐச் சுத்தி வட்டம் போட்டேன். அரிசிப் பை ரெண்டும் தூங்கிட்டு இருந்துச்சு.

நீங்களும் திருப்பப் போறீங்களா?

ஒரு நிமிஷம். முதல்ல இதைப் படிச்சுட்டுப் போங்க.

* இதைப் படிச்சுட்டு புது காயில்ஓவர் வாங்கி மாட்டக் கிளம்பிடாதீங்க. கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு கடிவாளம் போட்டிருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிருக்கு. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க.

* முதல்ல டயர் காத்து. அப்புறம்தான் குமிழ்.

* முழு டைட்ல இருந்து எண்ணுங்க. இடதும் வலதும் ஒரே எண். விரல் பலம் போதும்.

* ஒரு நேரத்துல ஒரு மாற்றம். அதே ரோடு, அதே வேகம், அதே எடை. எழுதி வைங்க.

* பின்பக்கத்தை மட்டும் ரொம்ப இறுக்கினா, மழை ரோட்டு வளைவுல வால் வழுக்கும்.

* ஷாக்குல எண்ணெய் கசிஞ்சா குமிழ் திருப்பிப் பிரயோஜனம் இல்லை, மெக்கானிக்கைப் பாருங்க. பிரிச்சு மட்டும் பார்க்காதீங்க. பல ஷாக்குகள்ல உள்ளே அழுத்தத்துல நைட்ரஜன் இருக்கும்.

* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்காதீங்க. ஸ்டாண்டு போட்டாத்தான் போகணும்.

* கடற்கரைக்காரங்களா? மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில கீழ்ப்பக்கத்தைக் கழுவுங்க. குமிழை முழுசா ஒரு சுத்து சுத்தி, பழைய எண்ணுக்கே கொண்டு வந்து வைங்க. இல்லாட்டி உப்பு அதைப் பிடிச்சு வெச்சுக்கும்.

உங்க எண் 18-ஆ இருக்காது. உங்க வண்டி வேற, ஷாக் வேற, ரோடு வேற. எண்ணைக் காப்பி அடிக்காதீங்க. பின் சீட்டுல போய் உட்காருங்க. அதை மட்டும் காப்பி அடிங்க.

செவ்வாய்க்கிழமை

செக்கப் நாள். உடன்குடியில இருந்து கிளம்பினோம். மாமா ஓட்ட, நான் முன்னாடி. ஆச்சியும் அம்மாவும் பின்னாடி. நான் ஷாக்கைப் பத்தி மூச்சு விடலை. சொன்னா எனக்காகவே 'நல்லாருக்கு'ம்பாங்க.

குலசை வளைவு. திருச்செந்தூர்ல கோபுரத்தைப் பார்த்து ஆச்சி கும்பிட்டாங்க. காயல்பட்டினம். ஆறுமுகநேரி தடைகள் வரும்போது நான் கண்ணாடியைப் பார்க்கலை. தைரியம் இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பின்னாடி ஆச்சி அம்மாகிட்ட, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல சாம்பார்ல உப்பு கம்மினு ஏதோ சொல்லிட்டே வந்தாங்க. பேச்சு நடுவுல அறுந்துபோகலை.

ஆத்தூர் வந்துச்சு. கடைகள் ஒவ்வொண்ணா பின்னாடி போகுது. நான் முன்னாடி பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஏய்யா, நிறுத்து நிறுத்து!"னு பின்னாடி இருந்து சத்தம். மாமா பதறிப்போய் பிரேக் அடிச்சார். "என்னம்மா, வலிக்கா?"

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெத்தலைக் கடை தாண்டிப் போகுதே, ஒங்க யாருக்கும் கண்ணு தெரியலியா?"

நான் இறங்கி ஓடினேன். ஒரு கவுளி வெத்தலை. மீதிச் சில்லறை வாங்கணும்கிற ஞாபகமே இல்லை.